எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தலாமா?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்துள்ள சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் போன்ற பகுதிகளிலும் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை. வளைகுடா நாட்டில் வியர்வை சிந்தியோ, பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் உழைத்தோ, மனைவியின் நகையை விற்றோ அரை கிரவுண்டு மனை வாங்கி, அதில் இரண்டு அறைகளை எழுப்பிக் குடிபுகும்போது உண்டாகும் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஆனால், யாசீன் ஓதிக் குடிபுகுந்த சில மாதங்களுக்குள் நாம் அழைக்காத ஒரு குடித்தனமும் அவ்வீட்டில் வந்து சேர்ந்துவிடுகிறது. அரிசி மூட்டையில் ஓட்டை விழுகிறது. பிள்ளையின் பள்ளிப் பையில் பல் தடம் தெரிகிறது. இரவு முழுவதும் பரணில் ஓட்டமும் உருட்டலும் கேட்கின்றன. இல்லத்தரசி கணவரிடம் முறையிடுகிறார். கணவர் கடைக்குச் சென்று ஒரு பொட்டலம் எலி விஷம் வாங்கி வருகிறார்.

அன்பார்ந்த வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிற்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதைப் போல என்று இன்னொரு பழமொழியும் நம்மிடம் உண்டு. அதை வெறும் வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம்.

குன்றத்தூர் தந்த பாடம்

2024 நவம்பரில், நம் பகுதிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் ஒரு குடும்பம் எலித் தொல்லை தாங்காமல் பூச்சி ஒழிப்புப் பணியாளர்களை அழைத்தது. அவர்கள் வீட்டுக்குள் எலி மருந்தை வைத்துவிட்டுச் சென்றனர். அன்றிரவு குளிர்சாதனத்தை இயக்கிவிட்டு உறங்கிய அக்குடும்பத்தின் இரண்டு சிறு குழந்தைகளும் இறந்து போயினர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அக்குழந்தைகள் விஷத்தைத் தின்னவில்லை. அதிலிருந்து எழுந்த நச்சுக் காற்றைச் சுவாசித்ததே அவர்கள் உயிரைப் பறித்தது என்று அப்போது செய்திகள் வெளிவந்தன.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும். எலிகளைக் கொல்லப் பயன்படும் மருந்துகளில் அலுமினியம் பாஸ்பைடு, துத்தநாக பாஸ்பைடு என்ற இரண்டு உண்டு. அலுமினியம் பாஸ்பைடு, காற்றிலுள்ள ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடும். துத்தநாக பாஸ்பைடு பெரும்பாலும் இரைப்பையிலுள்ள அமிலத்தோடு சேரும்போது அதே வாயுவைத் தரும். அவ்வாயுவுக்கு நிறமில்லை. அது காற்றைவிடக் கனமானதாகையால் தரையை ஒட்டிப் பரவும். நம் வீடுகளில் குழந்தைகள் எங்கே படுக்கின்றனர்? தரையில் விரித்த பாயில்தானே! இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. அலுமினியம் பாஸ்பைடைப் பொதுமக்களுக்கு விற்கலாகாது என்று நம் நாட்டில் விதியே இருக்கிறது.

மற்றொன்று மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. பார்வைக்குப் பற்பசை போன்றது. தவறித் தின்றவர் முதல் ஓரிரு நாட்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றுவார். வீட்டார் ஆபத்து நீங்கியது என்று நிம்மதி கொள்வர். அதன் பிறகு கல்லீரல் செயலிழந்து போகும். இப்பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. யாரேனும் மறைவாக நீட்டினாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது வகை, கேக் வடிவில் விற்கப்படும் மருந்து. இது இரத்தத்தை உறையவிடாமல் செய்து, சில நாட்கள் கழித்து எலியைக் கொல்கிறது. மேற்கூறிய இரண்டைவிட ஆபத்துக் குறைந்தது என்றாலும், விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்தே மடிகின்றன. எலியோ பரணிலோ சுவரிடுக்கிலோ செத்து, வீடு முழுவதும் நாற்றமெடுக்கிறது. எலியைத் தின்று நமக்கு உதவும் உயிர்கள் அழிந்த பின்னர், எஞ்சிய எலிகள் முன்னிலும் அதிகமாகப் பெருகுகின்றன.

வந்த வழியை மறந்துவிடுகிறோம்

விஷத்தின் குறை அதன் கொடுமை மட்டுமன்று. அது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்கும் மருந்தைப் போன்றது. எலிக்கு இரண்டே காரியங்கள் வேண்டும்: உள்ளே வர ஒரு வழி, வந்த பின் உண்ண ஓர் இரை. இவை இரண்டும் இருக்கும்வரை இன்று பத்து எலிகளைக் கொன்றாலும் நாளை பதினோராவது எலி வரும். பெண் எலியின் சினைக்காலம் மூன்று வாரங்களே. ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டிகள். அக்குட்டிகள் மூன்று மாதங்களுக்குள் தாமே குட்டி போடத் தொடங்கிவிடும். இக்கணக்கோடு விஷப் பொட்டலம் போட்டியிட முடியுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரவு நேரத்துக்குக் கற்றுத் தந்த ஒழுங்கை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தம். அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளைச் சாத்துமாறும், பாத்திரங்களை மூடி வைக்குமாறும், நீர்த் துருத்தியின் வாயைக் கட்டுமாறும், விளக்கை அணைக்குமாறும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். விளக்கை அணைப்பதற்கு அவர்கள் கூறிய காரணத்தைப் பாருங்கள்: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பது. புகாரி முதலான நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இன்று நம் வீடுகளில் திரி விளக்கு இல்லை. ஆனால் எலி கொறித்த மின்கம்பியால் தீப்பிடிக்கும் அபாயம் அதே அபாயந்தானே! கதவைச் சாத்து, பாத்திரத்தை மூடு என்ற இரு சொற்களில் எலி ஒழிப்பின் சாரமே அடங்கியிருக்கிறது. முதலாவது வழியை அடைக்கிறது. இரண்டாவது இரையை மறைக்கிறது.

வந்திருப்பவர் யார்?

அடைக்கத் தொடங்குமுன், நம் வீட்டுக்கு வந்திருப்பது எது என்று அறிய வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது சுண்டெலி. உடல் இரண்டு விரல் நீளம். கழிவு அரிசிமணி அளவு. 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே, அதாவது ஒரு பென்சில் நுழையும் சந்து இருந்தாலே உள்ளே புகுந்துவிடும்.

இரண்டாவது வீட்டெலி. உடலைவிட நீண்ட வால், பெரிய காது. கயிற்றிலும் குழாயிலும் மரக்கிளையிலும் ஏறி மேலிருந்து இறங்கும். பரணில் ஓடுவது இதுவே. இதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டந்தான். இங்கிருந்து கப்பலேறி உலகெங்கும் பரவியது. இதற்கு 12 மில்லிமீட்டர் சந்து போதும்.

மூன்றாவது பெருச்சாளி. சாக்கடையிலும் மண்ணிலும் வளை தோண்டி, கடைக்காலுக்கு அடியில் குடியிருக்கும். பெரிய இனம் ஒரு கிலோ எடையை நெருங்கும். ஆங்கிலேயர் இதற்கு வழங்கும் பாண்டிகூட் என்ற பெயர், தெலுங்கில் பன்றியெலி எனப் பொருள்படும் பந்திகொக்கு என்னும் சொல்லிலிருந்து பிறந்தது.

நீண்ட மூக்கும் வீச்சமும் கொண்ட மூஞ்சூறு எலியினம் அன்று. அது கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்வது. அது வந்தால் நம் சமையலறையில் கரப்பான் மிகுந்துவிட்டது என்று பொருள்.

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். ஆகையால் பசியில்லாவிட்டாலும் அது எதையேனும் கொறித்தே தீரும். மரம், பிளாஸ்டிக், ஈயக்குழாய், மின்கம்பியின் மேலுறை எதுவும் அதற்கு விலக்கில்லை. எங்கள் மதரஸாவில் பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளின் முதுகுப்புறத்தை மட்டும் எலிகள் தின்றிருந்தன. கட்டுமானத்துக்குப் பூசிய மாவுப்பசையே அவற்றை இழுத்திருக்கிறது. மருந்து வைக்கலாம் என்று சிலர் யோசனை கூறினர். ஐந்து வயதுப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து ஓதும் இடத்தில் அதை அனுமதிக்க இயலாது என்று நிர்வாகிகள் மறுத்துவிட்டனர். அலமாரிகள் சுவரிலிருந்து நகர்த்தப்பட்டு, இரும்புக் கதவிட்ட பெட்டிகளுக்குக் கிதாபுகள் மாற்றப்பட்டன. கதவுகளின் அடியில் தகடு அடிக்கப்பட்டது. அதன்பின் அங்கே எலிக் கழிவு தென்படவில்லை, அல்ஹம்து லில்லாஹ்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

அடைக்கும் வேலைக்கு நாள் முழுவதும் தேவையில்லை. ஒரு விடுமுறைக் காலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்துவிடலாம்.

முதலில் கதவுகள். பகலில் அறையை இருட்டாக்கி உள்ளே நின்று பாருங்கள். கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே எலிக்கு வழி உண்டு. மரக் கதவானால் அடிவிளிம்பில் அலுமினியத் தகடோ துத்தநாகத் தகடோ அடித்து, தரைக்கும் அதற்கும் இடையே பென்சில் நுழையாதபடி செய்யுங்கள்.

அடுத்துக் குழாய்கள். சமையல் தொட்டியின் கழிவுக் குழாய், குளிர்சாதனக் குழாய், சலவை இயந்திரக் குழாய், தொலைக்காட்சிக் கம்பி ஆகியவற்றுக்காகச் சுவரில் போட்ட துளைகளைக் கொத்தனார் பெரும்பாலும் பாதியிலேயே விட்டுச் சென்றிருப்பார். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளையில் இறுக அடைத்து, அதன்மேல் சிமெண்டுக் கலவையைப் பூசுங்கள். துணியும் பஞ்சும் காகிதமும் எலிக்குக் கூடு கட்டும் பொருள்களே தவிர அடைப்பு ஆகா. குளியலறை, கொல்லைப்புறச் சாக்கடை வாய்களுக்குச் சிறு துளையிட்ட இரும்பு மூடி வேண்டும். காற்றுத் துவாரங்களுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். கொசுவலை போதாது. எலி அதனை ஒரே இரவில் அறுத்துவிடும்.

மூன்றாவது மேற்புறம். மொட்டைமாடியையோ சன்னலையோ தொடும் வேப்பங்கிளையையும் முருங்கைக் கிளையையும் நான்கடி தள்ளியிருக்குமாறு கழித்துவிடுங்கள். தென்னை இருந்தால், ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றரை அடி அகலத் தகட்டை மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். தென்னந்தோப்புக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. வழுக்கும் தகட்டில் எலியின் நகம் பிடிக்காது.

நான்காவது இரை. அரிசியும் பருப்பும் சாக்கிலிருந்து மூடியுள்ள தகர டின்னுக்கோ எவர்சில்வர் டிரம்முக்கோ மாற வேண்டும். கோழித் தீவனத்தையும் பூனைக்கு வைத்த மீதச் சோற்றையும் இரவில் எடுத்துவிட வேண்டும். நோன்பு மாதத்தில் இதில் இரட்டைக் கவனம் தேவை. தராவீஹுக்குப் பின் நோன்புக் கஞ்சிப் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது. சஹருக்குச் சமைத்தது மூடாமல் இருக்கிறது. வீடு உறங்கும் அந்த நான்கு மணி நேரமே எலியின் இஃப்தார் நேரம்!

கழிவைக் காய்ந்த நிலையில் பெருக்க வேண்டாம். அதன் துகள் காற்றில் எழுந்து மூச்சில் சேரும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை அணிந்து துடைத்தெடுங்கள்.

தகரக் கொட்டகையும் வாகனமும்

எல்லார்க்கும் கான்கிரீட் வீடு வாய்ப்பதில்லை. தகரத்தாலும் ஆஸ்பெஸ்டாஸாலும் வேய்ந்த குடித்தனங்கள் நம்மிடையே நிறைய உண்டு. கட்டடப் பணியிடங்களில் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளிலும், லாரியில் ஏற்றி இடம் மாற்றும் கன்டெய்னர் அறைகளிலும் தங்குகின்றனர். மேலைநாடுகளில் சக்கரத்தின்மேல் அமைந்த வீடுகளிலேயே ஆயுளைக் கழிப்போரும் உளர். இத்தகைய இருப்பிடங்களுக்குப் பொதுவான பலவீனம் ஒன்று இருக்கிறது. கற்களின்மேல் தூக்கி வைத்திருப்பதால் தரைக்கு அடியில் ஓர் இருட்டறை உண்டாகிவிடுகிறது. அங்கே பழஞ்சாக்கும் பலகையும் சேர்ந்தால் எலிக்கு அரண்மனைதான்.

அந்த அடிவெளியை ஒன்று முழுமையாகத் திறந்து, சுத்தமாக வைத்திருங்கள். அல்லது கம்பி வலையால் நாற்புறமும் மூடி, வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழம் மண்ணில் புதையுங்கள். பாதி மூடிய நிலைதான் மோசமானது. தகரத்தின் நெளிவு முடியும் இடங்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றையும் கம்பியும் மின்கம்பியும் நுழையும் இடங்களையும் தவறாமல் அடையுங்கள். நிறுத்தியே வைத்திருக்கும் கார், வேன்களின் இயந்திரப் பகுதியிலும் எலி கூடு கட்டிக் கம்பிகளை அறுக்கும். வண்டியை அடிக்கடி எடுப்பதும், குப்பைக் குவியலருகே நிறுத்தாதிருப்பதும், உள்ளே தின்பண்டம் வைக்காதிருப்பதும் நல்ல காப்பு.

காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். இத்தகைய விளம்பரங்களுக்குத் தக்க சான்று வேண்டுமென்று அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2001இல் அதன் உற்பத்தியாளர்களை எச்சரித்தது. அந்தப் பணத்துக்குக் கம்பி வலை வாங்குவது மேல்.

பொறியிலும் ஓர் ஒழுக்கம்

அடைத்த பின்னர் உள்ளே அகப்பட்ட எலிகளுக்குப் பொறியே சிறந்தது. எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடையது. ஆகவே முதல் மூன்று நாட்கள் கூண்டைத் திறந்தே வைத்து, சுட்ட தேங்காயோ மசால் வடையோ கருவாடோ வைத்துப் பழக்குங்கள். நான்காம் நாள் பொறியை ஏற்றுங்கள். அறையின் நடுவில் வைப்பதில் பயனில்லை. எலி சுவரை உரசியே ஓடுமாதலால் சுவரோரம் வையுங்கள்.

தீங்கு செய்யும் ஐந்து உயிர்களில் ஒன்றாக எலியைக் குறிப்பிட்டு, இஹ்ராம் நிலையிலும் அதைக் கொல்ல அனுமதி உண்டு என்று மார்க்கம் கூறுகிறது. ஆனால் அனுமதி வேறு, கொடுமை வேறு. கொல்லும்போதும் நல்ல முறையில் கொல்ல வேண்டும் என்பது நபிமொழி. ஒரு பூனையை உணவின்றி அடைத்து வைத்துச் சாகடித்த பெண் நரகத்துக்கு உரியவளானாள் என்ற செய்தியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். எனவே கூண்டில் விழுந்த எலியை நாட்கணக்கில் பட்டினி போடுவதும், உயிரோடு கொளுத்துவதும், பசை அட்டையில் ஒட்டித் துடிக்கவிடுவதும் நமக்குத் தகா. ஒரே அடியில் முடித்துவிடும் வில்பொறி, குழந்தைகளின் கை எட்டாத இடத்துக்கு ஏற்றது. பிடித்ததைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் விடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் துரோகம்.

பூனை வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். வளர்க்கலாம், சுண்டெலிக்கு அது பகை. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நியூயார்க் நகரில் ஒரு கழிவுக் கிடங்கில் ஏறத்தாழ 150 எலிகளையும் அங்குத் திரிந்த பூனைகளையும் ஆய்வாளர்கள் 79 நாட்கள் கண்காணித்தனர். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு! பெரிய எலியைக் கண்டால் பூனையும் ஒதுங்கியே போகிறது.

எலியைத் தொடர்ந்து வருபவர்கள்

செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகள் நிறைந்த பூமி. பீர்க்கன்கரணை, சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என நம் ஊர்ப் பெயர்கள் பலவும் ஏரியின் பெயர்களே. நன்மங்கலத்தில் காப்புக்காடு இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வண்டலூரைச் சுற்றிக் காடு இருக்கிறது. இவற்றின் ஓரத்தில் வீடு கட்டியவர்கள் நாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலையே நடந்து சென்றது. நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் வாழ்வது அவ்வூராருக்குப் புதிய செய்தியன்று. மழை பெய்தால் வளையில் இருக்கும் எலியும் மேடு தேடும். அதன் பின்னால் பாம்பும் வரும்.

வீட்டில் பாம்பு வருகிறது என்றால் பெரும்பாலும் அது எலியைத் தேடி வருகிறது. ஆகவே பாம்பைத் தடுக்கும் வழியும் எலியைத் தடுக்கும் வழியும் ஒன்றே. சாரைப் பாம்புக்கு விஷமில்லை. எலியைத் தின்று நமக்கு உதவுவது அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த வலிகூடத் தெரியாது. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கடியில் செருகுவதும் உயிர்காக்கும்.

பாம்பைக் கண்டால் அடிக்க ஓடாதீர்கள். நாகம், சாரை, கண்ணாடி விரியன் முதலியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. குழந்தைகளை அப்புறப்படுத்தி, தொலைவிலிருந்து கண்காணித்தபடி தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தக் கடிக்குரிய மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் இருளர் பழங்குடியினர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பின் விஷத்தை எடுத்து மருந்து தயாரிப்புக்கு வழங்கி வருகின்றனர். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். வயல் எலியைப் பிடிப்பதிலும் இருளர் வல்லவர்கள். வளையின் ஒரு வாயில் புகையூதி, மறுவாயில் எலியைக் கையால் பிடிப்பார்கள். விஷம் ஒரு சொட்டும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எலி எங்கே போகும், எங்கே வரும் என்ற அறிவு ஒன்றே அவர்களின் ஆயுதம். நமக்கும் அதுவே போதும்.

பரணில் மரநாய் குடியேறியிருந்தால், அது இரை தேடி வெளியேறும் இரவு நேரத்தில் வழியை அடையுங்கள். ஆனால் உள்ளே குட்டி இல்லையென்று உறுதி செய்த பின்னரே அடைக்க வேண்டும். குரங்குக்கு உணவு கொடுப்பது இரக்கம் அன்று. இன்று வாழைப்பழம் கொடுத்த கையை நாளை அது கடிக்கும். சன்னலுக்குக் கம்பி வலையும் குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடியுமே நாம் அதற்குச் செய்யும் நன்மை.

தெருவும் நம் வீடே

ஒரு வீடு மட்டும் அடைத்துக்கொண்டால் எலி அடுத்த வீட்டில் பெருகும். 1994இல் சூரத் நகரில் பிளேக் பரவியபோது இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். குப்பை மலிந்த அந்நகரம் அதன் பிறகு விழித்துக்கொண்டு, தூய்மைக்குப் பெயர் பெற்ற நகரங்களுள் ஒன்றாயிற்று. நம் பகுதியில் அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் வெளியாகும் கிருமி, தேங்கிய மழைநீரில் கலந்து, காலிலுள்ள சிறு காயத்தின் வழியே உடலில் புகும். கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றினால், வெள்ளநீரில் நடந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். வெறுங்காலோடு மழைநீரில் இறங்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

பெருநாள் நாட்களில் நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது. குர்பானிக் கழிவுகளையும் தேக்சா கழுவிய எலும்புகளையும் காலிமனையிலும் ஏரிக்கரையிலும் கொட்டினால், எலியும் நாயும் அங்கே கூடும். அயலாரின் சாபமும் கூடும். பாதையிலுள்ள இடையூற்றை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கருதும் சமுதாயம் நாம். கழிவைக் குழிதோண்டிப் புதைப்பதற்கோ மாநகராட்சி வண்டியில் சேர்ப்பதற்கோ ஜமாஅத் முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியாக இருக்கிறது. மூடியில்லாத சாக்கடையைப் பற்றித் தனியொருவர் முறையிடுவதைவிடத் தெருவே சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பலன் விரைவில் கிட்டும்.

எந்தக் காரணத்தாலோ பூச்சி ஒழிப்புப் பணியாளரை அழைக்க நேர்ந்தால், என்ன மருந்து வைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாஸ்பைடு என்ற பெயர் இருந்தால் வீட்டுக்குள் வைக்க அனுமதிக்காதீர்கள். வைத்த இடத்தில் ஒருவரும் உறங்கக் கூடாது. மருந்து வைத்த வீட்டில் யாருக்கேனும் வாந்தியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால், சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறி, மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இல்லத்தரசிகளே, இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் கையில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். கதவடியிலும் குழாயோரத்திலும் பென்சில் நுழையும் சந்து எத்தனை என்று எண்ணி, ஒரு தாளில் குறித்துக் கணவரிடமோ மகனிடமோ கொடுங்கள். அடுத்த விடுமுறை நாளுக்குள் ஒரு படி சிமெண்டும் ஒரு கம்பி வலைச் சுருளும் வந்துவிட்டால், விஷப் பொட்டலம் உங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.